கோட்டையூரில் ஒரு காலிக் கட்டம்

என் குரலைத் தனியாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் செட்டிநாட்டுக்குப் போய்வந்தேன். மற்றவர்கள் குரலைத் தொண்டையில் கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோனது ஒரு டேப்லெட்டுக்குள், நாற்பத்தேழு துண்டுகளாக இருந்தது.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில், கல்யாணங்களுக்கு மைக் பிடிப்பது என் தொழில். ‘அடுத்ததாக மணமக்கள் கேக் வெட்டுவார்கள்’ என்று நான் அறிவித்தால், கூட்டம் எழுந்து சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட குரல். இதைத்தான் என் நண்பன் சாத்தப்பன் தேடிப் பிடித்தான். ஏன் நான் என்று கேட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது என்றான்.

விஷயம் இதுதான். சாத்தப்பனின் அக்கா உமையாள் ஆச்சி கோட்டையூரில் இருக்கிறார். அவர் கணவர் வயிரவன் காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். ஒரு டப்பா வெள்ளை வாங்கப் போனவருக்கு ஒரு மணி நேரப் பேச்சை இலவசமாகக் கொடுத்து அனுப்புவாராம். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு வாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் பாதி திரும்பியது. கை கால்வாசி. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. அவருக்குள் இருப்பதுதான் வெளியே வர மறுக்கிறது. மூன்று வருடமாக ஆச்சி பிள்ளையாரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்: ஒரு தடவை அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பிள்ளையார் பதில் சொல்லவில்லை. எனவே சாத்தப்பன் ஒரு டேப்லெட் வாங்கினான். திரையில் நாற்பத்தெட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். செம்புப் படத்தைத் தொட்டால் ‘தண்ணி வேணும்’ என்று அது சொல்லும், என் குரலில். சாத்தப்பன் எழுதிக் கொடுத்த பட்டியலில் நாற்பத்தேழு வாக்கியங்கள்தான் இருந்தன. கடைசிக் கட்டம் காலி. அதில் என்ன போடுவது என்று இரண்டு பேரும் யோசித்து, ஆளுக்கு ஒரு தே தாரிக், அதாவது எங்கள் ஊர் ஆற்றிய டீ, குடித்துவிட்டு எழுந்துவிட்டோம்.

“மிசினைக் குடு, எப்படி அமுக்குறதுன்னு சொல்லிக் குடு, அப்படியே ஆச்சிக்கிட்ட இந்த வேண்டுதலையும் நிறுத்தச் சொல்லிட்டு வா,” என்றான் சாத்தப்பன். “நான் சொன்னா சண்டை வரும். நீ சொன்னா ஏதோ ஜோக்குன்னு நினைச்சுக் கேட்டுக்குவாக.”

காரைக்குடிவரை எப்படிப் போனேன் என்பது யாருக்கும் பயன்படாது. எனக்கே பயன்படவில்லை, ஏனென்றால் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஏறிக் கோட்டையூருக்குச் சீட்டு வாங்கியவன், தூங்கிப் புதுவயலில் விழித்தேன். பசியோடு இறங்குகிறவனுக்குப் புதுவயல் ஒரு தண்டனை. அரிசி ஆலைகளில் நெல் அவிகிறது. ஊர் முழுவதும் சோறு வேகிற வாசம். ஆனால் இலை எங்கும் கிடையாது. ஈப்போவில் நள்ளிரவிலும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் என்று அங்கே நின்ற லாரி டிரைவரிடம் சொன்னேன். அவர் என் பெட்டியையும், வெயிலில் நான் பிடித்திருந்த குடையையும், என் மீசையையும் வரிசையாகப் பார்த்தார்.

“எங்குட்டுப் போகணும்?”

“கோட்டையூர்.”

“அதைத் தாண்டித்தானே வந்திருப்பீக?”

“தூங்கிட்டேன்.”

“ஏறுங்க. நான் தூங்க மாட்டேன், பயப்படாதீக.”

பின்னால் அரிசி மூட்டை, முன்னால் நாங்கள் இரண்டு பேர், நடுவில் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார். பத்து வருடமாக இவரிடம் சொந்தமாக ஒரு லாரி கேட்கிறேன் என்றார் டிரைவர். இன்னும் முதலாளி லாரிதான் ஓட்டுகிறாராம். பிறகு எதற்கு இவரை முன்னால் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“லாரி குடுக்கல. ஆனா பிரேக்குப் பிடிக்குதுல்ல,” என்று அதைப் பிடித்தும் காட்டினார். என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. பிள்ளையார் அசையவில்லை, பசை போட்டு ஒட்டியிருந்தார்.

செட்டிநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் வந்தால், அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக அவரை ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். யாராவது ஒருவர் கேட்காமல் விட்டால் வந்தவர் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார். ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவரை முதலில் நாய் கேட்கும். பிறகு யாராவது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள். அவ்வளவுதான் மரியாதை.

நான் முகப்பைத் தாண்டியதும் ஆச்சி “வாங்க தம்பி” என்றார். ஐம்பது வயதிருக்கும், கையில் கரண்டி. அதே பெரிய வீட்டில் அடுத்த பங்கில் குடியிருப்பவர் எட்டிப் பார்த்து “வாங்க” என்றார். மூன்றாவதாக, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தி, “வாங்க” என்றார்.

கணீரென்ற குரல். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசைவரைக்கும் போகும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் வழியில் இருந்த நேரத்தில் வேண்டுதல் பலித்துவிட்டது போலிருக்கிறது, இனி டேப்லெட்டைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று முடிவு செய்து, “ஆச்சி, அண்ணன் பேசிட்டாரு” என்றேன்.

“அது ஒண்ணுதான் தம்பி மிச்சம் இருக்கு,” என்றார் ஆச்சி.

அன்று மாலைக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. வயிரவன் அண்ணன் பால்காரரை வாங்க என்றார். குக்கர் விசில் அடித்தபோது அதையும் வாங்க என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பியபோதும் வாங்க என்றார். கூப்பிடுகிறாரே என்று நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆச்சி காபி கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். “வாங்க.” மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி காபி. மூன்றாவது தடவைதான் ஆச்சி, “போறவுகளுக்கும் அதான் சொல்லுவாக. நீங்கபாட்டுக்குப் போங்க” என்றார். அதற்குள் கடைகள் சாத்திவிட்டார்கள்.

பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சும் என்றால், ஒரு செட்டிநாட்டுக்காரருக்கு அது எதுவாக இருக்கும் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கு வந்தால் ‘அடுத்ததாக’ என்பது மட்டும்தான் மிஞ்சும்.

மறுநாள் காலை டேப்லெட்டை எடுத்தேன். மலேசிய சார்ஜரின் மூன்று முள்ளும் சதுரம்; கோட்டையூர் சுவரின் மூன்று துளையும் வட்டம். பஸ் ஏறிக் காரைக்குடி போய் அதற்கொரு மாற்றுப் பிளக் வாங்கி, இந்த முறை கண்டக்டரிடம் எழுப்பச் சொல்லி, அவர் கோட்டையூருக்கு முந்தின நிறுத்தத்திலேயே எழுப்பிவிட, மீதியை நடந்து வந்து சேர்ந்தேன். ஆச்சி வெள்ளைப் பணியாரத்தையும் மிளகாய்ச் சட்னியையும் வைத்தார். எட்டுப் பணியாரத்துக்குப் பிறகு போதும் என்றேன். “இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே” என்று நான்கு வைத்தார்.

முதல் கட்டத்தைத் தொட்டேன். ‘தண்ணி வேணும்’ என்று என் குரல் கிளம்பியது. மணமக்களை மேடைக்கு அழைக்கிற அதே தொனி. வயிரவன் அண்ணன் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். இரண்டாவது கட்டம், ‘கோப்பி வேணும்’ என்றது. அடுத்தது, ‘தண்டாஸ் போகணும்’ என்றது. தண்டாஸ் எங்கே இருக்கிறது, சிவகங்கைப் பக்கமா என்று ஆச்சி கேட்டார். கழிப்பறைக்கு எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். அண்ணனின் உதடு இடது பக்கமாக மேலேறியது. சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆச்சி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “தம்பி, இது நீங்க பேசுறது. அவுக இப்படிப் பேச மாட்டாக” என்றார்.

அன்று பகல் முழுவதும் மறுபதிவு. ஆச்சி எதிரே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பசித்தால் அவர் பசிக்கிறது என்று சொல்ல மாட்டாராம். ‘என்ன, இலை விழுகுமா விழாதா?’ என்றுதான் கேட்பாராம். மின்விசிறி வேண்டுமென்றால் ‘காத்தைக் கட்டி வச்சிருக்கீகளா?’ தண்ணீருக்கு ‘செம்பு எங்குட்டுப் போச்சு?’ நான் சொல்லச் சொல்ல அண்ணன் இடது கையைத் தூக்கியும் இறக்கியும் குரலை ஏற்று, இறக்கு என்று காட்டினார். இருபத்தைந்து வருட மைக் அனுபவத்தில் என்னை யாரும் இவ்வளவு திருத்தியதில்லை.

வலி என்ற கட்டம் வந்தது. “வலிக்குதுன்னு அவுக சொன்னதே இல்ல,” என்றார் ஆச்சி. “‘ஒண்ணுமில்ல’ம்பாக. அப்படின்னா வலிக்குதுன்னு அர்த்தம். அதையே போடுங்க.” எனவே இன்றைக்கும் அந்த டேப்லெட்டில், முகத்தைச் சுளிக்கும் மனிதன் படத்தைத் தொட்டால், நான் ‘ஒண்ணுமில்ல’ என்கிறேன்.

நான்கு மணிக்குள் எனக்கு அந்த நடை கைவந்துவிட்டது. ஆச்சி அடுப்படிக்குள் போயிருந்தார். நான் செம்புக் கட்டத்தை மட்டும் இன்னொரு தடவை பதிந்துவிடலாம் என்று, கொஞ்சம் அதட்டலாக, “செம்பு எங்குட்டுப் போச்சு?” என்றேன்.

“இந்தா வந்துட்டேன்,” என்று குரல் வந்தது. கூடவே ஆச்சியும் ஓட்டமும் நடையுமாக வந்தார், தளும்பத் தளும்பச் செம்போடு. வந்தவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், நின்றார். நான் பதிவை நிறுத்தினேன்.

“நீங்க குடிங்க,” என்று செம்பை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். தாகமில்லாமலே முழுவதையும் குடித்தேன்.

திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார். நான் உற்சாகமாக நாற்பத்தெட்டாவது கட்டத்தைத் திறந்தேன். ஆச்சியை ஒரு படம் எடுத்து அதில் போட்டேன். இனி பெயர் மட்டும்தான் பாக்கி. அண்ணன் எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டேன். ‘உமையா’ என்றுதானாம். கண்ணாடி காணவில்லை என்றால் உமையா, கண்ணாடி கிடைத்துவிட்டால் அதைச் சொல்ல உமையா, ஒரு நாளைக்கு நூறு தடவை. அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும், பாதிக்கு மேல் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன் என்றார். நான் பதிவுப் பொத்தானில் விரலை வைத்துத் தொண்டையைச் செருமினேன்.

“அது மட்டும் வேணாம் தம்பி.”

“ஏன் ஆச்சி?”

“அதைத்தானே பிள்ளையாருகிட்டக் கேட்டிருக்கேன். நீங்க குடுத்துட்டா, வேலை முடிஞ்சிருச்சுன்னு அவரு இருந்துருவாரு. படம் இருக்கட்டும். சத்தம் வேணாம்.”

இதுதான் சமயம் என்று சாத்தப்பன் சொல்லி அனுப்பியதைச் சொல்லிவிட்டேன். மூன்று வருடம் ஆகிவிட்டது, வேண்டுதலை நிறுத்தச் சொன்னான் என்றேன். ஜோக்காகச் சொல்லத்தான் பார்த்தேன், வரவில்லை. ஆச்சிக்குத்தான் சிரிப்பு வந்தது.

“அவன் அப்பவே அப்படித்தான். பஸ்ஸு அஞ்சு நிமிசம் வரலேன்னா நடக்க ஆரம்பிச்சிருவான். பாதி தூரம் போனதும் பஸ்ஸு அவனைத் தாண்டிப் போகும்.”

மூன்றாம் நாள் பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபம் கழிந்து இருபத்தோராம் நாள் வாக்கில் நகரத்தார் வீடுகளில் வருவது. ஈப்போவில் நோன்பு என்றால் எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் பிடிப்பது. அதில் என் பங்கு, மாலையில் அவர்கள் கடைத்தெருவுக்குப் போய் எல்லாருக்கும் முன்னால் சாப்பிட ஆரம்பிப்பது. இங்கே அந்த வசதி இல்லை. மாலைவரை ஒன்றும் கிடையாது. அடுப்படியில் மட்டும் காலையிலிருந்து கருப்பட்டிப் பணியாரம் வெந்துகொண்டிருந்தது. உப்புச் சரியா என்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். கருப்பட்டிப் பணியாரத்தில் உப்பா என்று கேட்டார் ஆச்சி.

பசியை மறக்க அவர் எதிரில் உட்கார்ந்து திரி திரிப்பதைப் பார்த்தேன். புதுத் துணியிலிருந்து உருவிய நூல், ஒரு திரிக்கு எண்ணி இருபத்தொரு இழை. மாலையில் அதை மாவில் குத்தி வைத்துக் கொளுத்தி, எரிய எரிய விழுங்க வேண்டும் என்றார். வெளியூர்க்காரனைப் பயமுறுத்துகிறார் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

ஏன் இருபத்தொன்று என்று கேட்டதற்கு, அவர்கள் வீட்டில் சொல்லும் கதையைச் சொன்னார். கப்பலில் வாணிகத்துக்குப் போன இவர்களின் முன்னோர் நடுக்கடலில் காற்றும் மழையுமாக மாட்டிக்கொண்டார்கள். பிள்ளையாரை வேண்டினார்கள். கரை தென்படவில்லை. நாள் கணக்குத் தெரிய, தினம் ஒருவர் வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவி வைத்தார்கள். இருபத்தொரு நூல் சேர்ந்த அன்று கரை தெரிந்தது. கையில் இருந்த மாவிலும் வெல்லத்திலும் அந்த நூலையே திரியாக்கி ஏற்றிக் கும்பிட்டு விழுங்கினார்கள்.

“முதல் நாளே கரையைக் காட்டியிருக்கலாமே ஆச்சி? மூஞ்சூறுக்கு நீச்சல் தெரியாதோ?”

“நானும் கேட்டுப் பாத்துட்டேன்,” என்றார் ஆச்சி, திரியிலிருந்து கண்ணை எடுக்காமல். “பதிலு வராத நாளுக்கெல்லாம் ஒரு நூலு. அதைத்தான் நாங்க திரிச்சுக் கொளுத்துறோம். வேற எதைக் கொளுத்த?”

விளக்கு வைத்ததும் பக்கத்துப் பங்குகளிலிருந்து இருபது பேர்வரை வந்து முற்றத்தை ஒட்டிய வளவில் கூடினார்கள். வந்த ஒவ்வொருவரையும் அண்ணன் வாங்க என்றார். அன்றைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பிள்ளையாருக்கு முன்னால் ஆவாரம்பூ, பொரி, பணியாரம். பக்கத்தில் தாம்பாளத்தில் அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் நெய்யில் நனைத்த திரி. ஆச்சி என்னைப் பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது.

கூட்டத்தில் வயதில் மூத்த ஆண் எல்லாருக்கும் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கே மூத்தவர் வயிரவன் அண்ணன்தான். வலது கை தானாக எழும்பாது. இடது கையால் கொடுக்கக் கூடாது. எனவே ஆச்சி அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவருடைய வலது கையைத் தன் கைமேல் வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்து எரியும் திரியை வாங்கி, கண்ணை மூடிக் கும்பிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்கள். சின்னப் பெண்கள்கூட மிட்டாய் சாப்பிடுவது போலச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

என் முறை வந்தது. “வாய்க்குள்ள போனதும் வாயை மூடிருங்க. மூடுனாத்தான் அணையும்,” என்றார் ஆச்சி. வாயை மூடு என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். பக்தியோடு சொல்லப்பட்டது இதுவே முதல் முறை. நானும் கண்ணை மூடினேன். எனக்கென்று கேட்க நிறைய இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்த ஒரு பெயரைத்தான் கேட்டேன். பலித்தால் ஈப்போவில் நூற்றியெட்டுத் தேங்காய் உடைப்பதாகக்கூடச் சொன்னேன். கேட்டதில் நேரம் போய், திரி நன்றாகப் பற்றிக்கொண்டது. விழுங்கிவிட்டேன், ஆனால் போகிற வழியில் மீசையின் இடது முனையை அது கூட்டிக்கொண்டு போய்விட்டது. வளவு முழுவதும் கருகின வாசம். எல்லாரும் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஆச்சி மட்டும் பாக்கி. அவருடைய வேண்டுதல் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆச்சி அண்ணனின் கையைத் தூக்கினார், அவருடைய கையால் தனக்குத் தானே கொடுத்துக்கொள்வதற்கு. திரி எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு எழும்பியது. உதடு குவிந்தது. நான் தேங்காயை இருநூறாக்கினேன்.

“வாங்க,” என்றார்.

யாரோ மூச்சு விட்டது கேட்டது. ஆச்சி தலையை ஆட்டினார், சொன்னது சரிதான் என்பது போல. திரியை வாங்கி, கண்ணை மூடி, நிதானமாகக் கும்பிட்டார். வாயைத் திறந்தார்; ஒரு நொடி உள்ளே வெளிச்சம் தெரிந்தது. மூடினார். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டு, பணியாரம் ஆறுகிறது, எல்லாரும் உட்காருங்கள் என்றார்.

எல்லாரும் போன பிறகு எனக்குத்தான் ஆறவில்லை. பணியாரத்தை மென்றுகொண்டே கேட்டேன், கோபமே வராதா என்று. பசியோடு இருந்த கோபமும் கொஞ்சம் கலந்திருந்தது.

“வராம?” என்றார் ஆச்சி. “போன வருசம் ரெண்டு மாசம் பிள்ளையாருகிட்டப் பேசாம இருந்தேன். அவரும் பேசல.” தட்டில் இன்னும் இரண்டு வைத்தார். “பேசாதவுகளோட ஒரே வீட்டுல இருக்கிறது எனக்கென்ன புதுசா தம்பி? பேசலேன்னா இல்லேன்னு ஆயிருமா? இவுக அந்தா உக்காந்திருக்காகல்ல.”

நாற்காலியில் இருந்தவர் எங்களைப் பார்த்து, பணியாரத் தட்டைப் பார்த்து, டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டார். ‘என்ன, இலை விழுகுமா விழாதா?’ என்று நான் கேட்டேன். ஆச்சி எழுந்து போனார்.

நான்காம் நாள் காலை சாத்தப்பன் போன் செய்தான். எல்லாக் கட்டமும் வேலை செய்கிறதா என்றான். நாற்பத்தேழு செய்கிறது என்றேன்.

“இன்னொண்ணு?”

“அது என் தப்பு. பதியும்போது தொண்டை கட்டிக்கிச்சு.”

“உன்னை நம்பி அனுப்புனேன் பாரு,” என்றான். வேண்டுதல் விஷயம் என்னாயிற்று என்று கேட்டான். சொல்லிவிட்டேன், ஆச்சி சிரித்தார்கள் என்றேன். இரண்டும் உண்மைதான்.

ஆச்சி ஒரு டப்பா சீப்புச் சீடை கட்டிக் கொடுத்தார். மீசைக்கு நெய் தடவச் சொன்னார். நான் படியிறங்கும்போது உள்ளிருந்து கணீரென்று “வாங்க” என்று கேட்டது. இந்த முறை திரும்பவில்லை. மூன்று நாளில் இதையாவது கற்றுக்கொண்டேனே என்று பெருமையாக நடந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, வெயில் சுட்டதும்தான் குடை ஞாபகம் வந்தது.

திரும்பப் போனேன். முகப்பிலிருந்தே உள்ளே தெரிந்தது. ஆச்சி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மடியில் டேப்லெட். என் குடை அவருடைய நாற்காலியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன்.

அண்ணன் இடது கை விரலை நீட்டித் திரையின் கடைசி மூலையைத் தொட்டார். ஆச்சியின் படம் இருக்கிற இடம். ஒன்றும் வரவில்லை. நகம் கண்ணாடியில் படுகிற டொக் என்ற சத்தம் மட்டும். மறுபடி தொட்டார். டொக்.

“சொல்லுங்க,” என்றார் ஆச்சி, வெங்காயத்திலிருந்து நிமிராமல்.

டொக்.

“கேக்குது. சொல்லுங்க.”

நான் உள்ளே போனால் அண்ணன் வாங்க என்பார். ஆச்சி எழுந்து காபி போடப் போய்விடுவார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் எனக்குப் பழக்கமும் ஆகியிருந்தது. குடையை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஈப்போவில் நான் இறங்கியபோது வழக்கம்போல மாலை மழை. சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தேன். நாய் என்னைக் கேட்டது. என் மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பாதி மீசையோடும் குடை இல்லாமலும் நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்னதான் ஆச்சு உங்களுக்கு என்றாள்.

“ஒண்ணுமில்ல,” என்றேன், வயிரவன் அண்ணனைப் போல.